விரும்பிச் செய்யும் உடற்பயிற்சியும் நிர்ப்பீடனமும்: யாழ்ப்பாணத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

மாரி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் தடிமனும் காய்ச்சலும் ஒருவர் மாறி ஒருவராகச் சுற்றத் தொடங்கிவிடும். நிர்ப்பீடனம் எனப்படும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதற்கு எதைக் குடிக்கலாம், எந்த மாத்திரையை வாங்கலாம் என்ற விசாரிப்பும் அப்போதுதான் கூடுகிறது. மருந்துக்கடையில் பணம் கொடுத்து வாங்கும் பல பொருட்களைவிட உறுதியான சான்று உடற்பயிற்சிக்கு உண்டு. ஆனால் அது பலன் தருவதற்கு இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: பயிற்சி இடைவிடாது தொடர வேண்டும், செய்பவர் அதைத் தாமே விரும்பித் தெரிவுசெய்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அவ்விரண்டையும் யாழ்ப்பாணத்து வெயிலிலும் காற்றிலும் மழையிலும் எவ்வாறு கைக்கொள்வது என்பதைப் பற்றியதே.

தொடங்குமுன் உடலுக்குள் நடப்பதை விளங்கிக்கொள்வது

வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் அதிரினலின் என்ற ஓமோன் குருதியில் உயர்கிறது. அதுவரை குருதிக் குழாய்களின் சுவரிலும் மண்ணீரலிலும் தங்கியிருந்த, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களான இயற்கைக் கொல்லிக் கலங்களும் ஒருவகை ரி கலங்களும் அதனால் விடுபட்டுக் குருதியோட்டத்தில் இறங்குகின்றன. அவற்றின் எண்ணிக்கை சில நிமிடங்களிலேயே பன்மடங்காகிறது. பயிற்சி முடிந்து ஓரிரண்டு மணித்தியாலத்தில் அதே எண்ணிக்கை வழமையைவிடக் கீழே விழுகிறது. இந்த வீழ்ச்சியைக் கண்டவர்கள் உடற்பயிற்சி எதிர்ப்புக் கலங்களை அழித்துவிடுகிறது என்று நெடுங்காலம் அஞ்சினார்கள். 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிரும் சாயமிட்ட ரி கலங்களை எலிகளுக்குள் செலுத்தி அவற்றை ஓடவிட்டுப் பார்த்தபோது, குருதியில் காணாமற் போன கலங்கள் நுரையீரலிலும் குடற்சுவரின் நிணநீர் இழையத்திலும் என்பு மச்சையிலும் இருந்தன. கிருமி நுழையக்கூடிய வாசல்களுக்கு அவை அனுப்பப்பட்டிருந்தன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

இரண்டாவது வழி தசைகளின் ஊடாக அமைகிறது. இயங்கும் தசை இன்ரலூக்கின் 6 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது அழற்சியைத் தணிக்கும் வேறு புரதங்களைக் கூட்டுகிறது. கொப்பன்ஹேகனில் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மணித்தியாலம் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பற்றீரியா நச்சு சிறிதளவு ஏற்றப்பட்டபோது, ஓய்வில் இருந்தவர்களிடம் உயர்ந்த அழற்சிப் புரதம் அவர்களிடம் உயரவில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பிலிருந்து மெல்லெனக் கசியும் அழற்சிதான் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் உரமாகிறது. நீரிழிவு முற்றினால் கிருமித்தொற்றை எதிர்ப்பதும் கடினமாகிறது. வீட்டுக்கொருவராவது நீரிழிவுக் கிளினிக் அட்டை வைத்திருக்கும் எங்கள் ஊர்களில் இந்த இரண்டாவது வழியே பெரிய பயன் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, முதுமை. புதிய ரி கலங்களைப் பயிற்றி அனுப்பும் தைமசுச் சுரப்பி வயதோடு சுருங்கும். பிரித்தானிய ஆய்வாளர்கள், 55 முதல் 79 வயது வரையான, வளர்ந்த பருவத்தின் பெரும்பகுதியைச் சைக்கிளோட்டத்தில் கழித்த 125 பேரைச் சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டனர். தைமசிலிருந்து அண்மையில் வெளிவந்த கலங்கள் அவர்களிடம் இளைஞரிடம் உள்ள அளவுக்கே இருந்தன. முதுமையின் எல்லா அடையாளங்களும் அவர்களிடம் இல்லாமற் போய்விடவில்லை. களைத்து முதிர்ந்த ரி கலங்கள் அவர்களிடமும் சேர்ந்தே இருந்தன. ஆயினும் அது சிறிய பேறன்று.

இவற்றின் மொத்த விளைவை நோயின் கணக்கிலும் காணலாம். அமெரிக்காவில் 1,002 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஐந்து நாட்களேனும் பயிற்சி செய்தவர்கள் சுவாசத் தொற்றால் அவதியுற்ற நாட்கள், பயிற்சி செய்யாதோரைவிட 43 சதவீதம் குறைவு. கலிபோர்னியாவில் கொவிட் தொற்றிய 48,440 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டவர்களும், முன்பு தொடர்ந்து அசையாதிருந்தவர்களே வைத்தியசாலையில் அனுமதிக்கப்படவும் இறக்கவும் கூடிய வாய்ப்புக் கொண்டிருந்தனர் என்று கண்டனர். இவை கவனித்து எழுதிய ஆய்வுகள். ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே அதிகம் நடக்கிறார்கள் என்ற சந்தேகத்தை இவை முற்றாகப் போக்குவதில்லை. கலங்களின் மட்டத்தில் காண்பதும் இவையும் ஒரே திசையைக் காட்டுவதனாலேயே நான் இவற்றை நம்புகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிர்ப்பீடனத்தைக் கூட்டிக்கொண்டே போவது எப்போதும் நன்மையாகாது. டெங்கில் இரண்டாம் முறை வேறொரு வகை வைரசு தொற்றும்போது நோய் கடுமையாவதற்கு, முன்னைய தொற்றில் உருவான பிறபொருளெதிரிகளே (கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள்) ஒரு காரணமாகின்றன. தன் உடலையே தாக்கும் மூட்டுவாத நோய்களும் அளவு மீறிய எதிர்ப்பின் வடிவங்கள்தான். உடற்பயிற்சி தருவது ஒழுங்கு: வேண்டிய இடத்தில் விழிப்பு, வேண்டாத இடத்தில் தணிவு.

விருப்பம் ஏன் முக்கியம்

ஆய்வுகூட எலிகளுக்கு இரண்டு விதமாகப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. கூட்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்தால் எலி தான் நினைத்தபோது ஏறி ஓடும், நினைத்தபோது இறங்கும். மற்றது, மின்சாரத்தால் ஓடும் பட்டையில் ஏற்றி, நின்றால் பின்னாலிருந்து துன்புறுத்தி ஓடவைப்பது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பட்டையில் ஓட்டப்பட்ட எலிகளின் தசைகள் நன்றாகவே பழகியிருந்தன. ஆனால் அவற்றின் அதிரினற் சுரப்பிகள் பெருத்து, தைமசுச் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. நீடித்த மன அழுத்தத்தின் அடையாளங்கள் அவை. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், சில வாரங்கள் சக்கரத்தில் விரும்பி ஓடிய எலிகள் கடும் அழுத்தத்துக்கு உள்ளாக்கப்பட்டபோதும், ஓடாத எலிகளில் குறைந்துபோன பிறபொருளெதிரி அவற்றில் குறையவில்லை. 2016 இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் காட்டியதும் சக்கரத்தில் விரும்பி ஓடிய எலிகளைப் பற்றியதே: அவற்றின் புற்றுக்கட்டிகள் 60 சதவீதத்துக்கும் மேலாகக் குறைவாக வளர்ந்தன, அதிரினலின் திரட்டிய இயற்கைக் கொல்லிக் கலங்கள் கட்டிக்குள் புகுந்திருந்தன. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திப் புற்றுநோய் மாறிவிடும் என்று எவரும் சொல்லக்கூடாது.

ஆனாலும் இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. வைத்தியர் ஏசினார் என்பதற்காகவும், மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் வற்புறுத்துகிறார் என்பதற்காகவும் வெறுப்போடு செய்யும் நடை சில வாரங்களில் நின்றுவிடும். நிற்கும்வரை மனத்துக்கும் அது பாரம்தான். வீட்டிலுள்ள அம்மாவையோ அப்பாவையோ நடக்கவைக்க விரும்புகிறவர்கள், எங்கே, எப்போது, யாரோடு என்ற மூன்றையும் அவர்களே தீர்மானிக்க விடுங்கள்.

முதற்படி: உங்கள் நிலையை அறிதல்

நாற்பது வயதைக் கடந்தும் நெடுநாள் அசையாதிருந்தவர்கள், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களும் சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு நடந்தால் குருதியில் சீனி சடுதியாக இறங்கக்கூடும். ஆகவே நடைக்குமுன் என்ன சாப்பிடுவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கோயில் வீதியைச் சுற்றும்போது சுடுமணலில் பாதம் வெந்ததை அறியாமலே வீடு திரும்புகிறவர்கள் உண்டு; அந்தப் புண்ணே பிறகு பெரிய தொற்றாகிறது.

இரண்டாம் படி: செயலைத் தெரிவுசெய்தல்

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியோ 75 முதல் 150 நிமிடங்கள் கடும் பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது. அது நடையாகவோ, சைக்கிளாகவோ, மாலையில் ஊர் மைதானத்தில் ஆடும் கரப்பந்தாகவோ, மண்வெட்டி பிடித்துத் தோட்டத்தில் செய்யும் வேலையாகவோ இருக்கலாம். முன்பு துலாவால் நீர் இறைத்தவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. இன்று நீரிறைக்கும் இயந்திரம் வந்த வீட்டில் அந்த அசைவுக்கு ஈடாக வேறொன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

சைக்கிள் எங்கள் மண்ணுக்கு மிகப் பொருத்தமானது. நிலம் மட்டமானது, ஒழுங்கைகள் நெருங்கியவை, சந்தைக்கும் வேலைக்கும் போகிற பயணமே பயிற்சியாகிவிடும். ஆனால் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் தீவுப்பக்கம் நோக்கி மிதிப்பவர் எதிர்க்காற்றில் குனிந்து, சைக்கிள் நகராமல், நிமிடத்துக்குள் மூச்சு வாங்குவார். திரும்பும்போது மிதிக்காமலே சைக்கிள் ஓடும். அதே தூரம், அதே பாதை, ஆனால் இதயத்துக்கு ஒருபக்கம் கடும் பயிற்சி, மறுபக்கம் ஓய்வு. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த மாதங்களில் மரங்களும் வேலிகளும் காற்றை மறைக்கும் உள்ளொழுங்கைகளைத் தெரிவது நல்லது. பாலத்தில்தான் போவது என்றால் எதிர்க்காற்றை முதலில் எதிர்கொண்டு, களைப்போடு வருகையில் காற்று முதுகில் இருக்குமாறு திட்டமிடுங்கள்.

பெண்கள் பலருக்கு வெள்ளாப்பில் தனியே வீதியில் நடப்பது பாதுகாப்பாகவும் இல்லை, வசதியாகவும் இல்லை. அவர்கள் படலைக்குள்ளேயே, வளவைச் சுற்றி நடந்தாலும் கலங்களுக்கு வேறுபாடு தெரியாது. அயலில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் கட்டாக்காலி நாய்களின் தொல்லையும் குறையும். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: அளவைக் கூட்டுதல்

கருவி எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே ஒரு தேவாரத்தையோ கீர்த்தனையையோ பாடிப் பாருங்கள். நிறுத்தாமல் பாட முடிந்தால் வேகம் போதாது. பாட முடியாமல், ஆனால் பக்கத்தில் வருபவரோடு முழு வசனங்களாகப் பேச முடிந்தால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சை எடுக்க வேண்டியிருந்தால் அது கடும் பயிற்சி.

முதல் இரண்டு வாரங்களில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பாடக்கூடிய வேகத்திலேயே நடவுங்கள். இந்த நாட்களின் வேலை பழக்கத்தை ஊன்றுவது மட்டுமே. எவ்வளவு உற்சாகம் இருந்தாலும் கூட்ட வேண்டாம். மூன்றாம் நான்காம் வாரங்களில் பதினைந்து முதல் இருபது நிமிடமாக்கி, நடுவில் ஐந்து நிமிடம் மட்டும் பேசக்கூடிய, பாட முடியாத வேகத்துக்குப் போங்கள். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் முப்பது நிமிடத்தை எட்டி, அதில் பெரும்பகுதியை மிதமான வேகத்தில் நடந்தால், ஐந்து நாளில் 150 நிமிடம் நிறைந்துவிடும். முழங்கால் நோவு கூடினாலோ மறுநாட் காலை வரை களைப்பு நீடித்தாலோ முந்திய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள்.

ஒரு நாளில் இரண்டரை மணித்தியாலம் நடந்துவிட்டு ஆறு நாள் இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெங்காயத் தோட்டத்துக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுகிறவருக்கு இதன் விடை தெரியும்: வாரத்துத் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் பயிர் அழுகும், மிச்ச நாளில் வாடும். கலங்கள் குருதியில் இறங்கி இழையங்களுக்குப் போகும் அசைவு ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒருமுறை நிகழ்வது. அதன் பயன் திரும்பத் திரும்ப நிகழ்வதில்தான் உருவாகிறது.

நான்காம் படி: தசைக்கென இரண்டு நாள்

வாரத்தில் இரண்டு நாளேனும் பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள். குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். கிணற்றில் கயிற்றால் நீர் அள்ளுவதும் கணக்கில் சேரும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்வது நன்று.

ஐந்தாம் படி: பருவத்துக்கு ஏற்ப மாற்றுதல்

கோடையில், குறிப்பாகச் சித்திரை, வைகாசியில், காலை ஏழரைக்குமுன் பயிற்சியை முடித்துவிட வேண்டும். வெப்பத்தில் செய்யும் அதே நடை உடலில் அழுத்த ஓமோன்களை மேலும் உயர்த்தும்; உடலில் நீர் வற்றுவதும் சேர்ந்தால் பயிற்சியின் நன்மை குறைந்துவிடும். கடும் மஞ்சள் நிறச் சிறுநீர் நீர் போதாமையின் எளிய அறிகுறி.

மாரியில் ஆபத்து வேறு. டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் காலையிலும் பொழுது சாயுமுன்னும் கடிக்கிறது. நாம் நடக்கப் போகும் நேரமும் அதுவே. முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து, திறந்த இடங்களில் நுளம்பு விரட்டி பூசிக்கொண்டு போங்கள். எவ்வளவு நடந்தாலும் வைரசைச் சுமக்கும் நுளம்பு கடித்தால் தொற்று வரக்கூடும். ஆகவே கிழமைக்கு அரை மணித்தியாலம் வளவிலுள்ள சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி ஆகியவற்றைக் குனிந்து நிமிர்ந்து துப்புரவாக்குவதை ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து உவர்நீர்க் கிணறுகளிலும் இந்த நுளம்பின் குடம்பிகள் வளர்வதை இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பாவிக்காத கிணற்றையும் மறக்க வேண்டாம். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களைக் கொண்டுபோன பிறகு, வெள்ளம் நின்ற வயற்கரையில் காற்புண்ணோடு நடப்பதைத் தவிர்க்கச் சொல்ல வேறு காரணம் தேவையில்லை.

ஆறாம் படி: உறக்கமும் உணவும்

164 பேரின் மூக்கில் தடிமன் வைரசைச் சொட்டவிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட நான்கு மடங்கு. உறக்கத்தை வெட்டி விடியலில் எழுந்து ஓடுவதில் பயனில்லை; இரவு முன்னதாகப் படுங்கள். உணவில் மீன், முட்டை, பயறு என ஒவ்வொரு நாளும் புரதமும், அதோடு கீரையும் இருக்கட்டும். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் பயிற்சியை முற்றாக விடவேண்டியதில்லை. பாடக்கூடிய வேகத்தில் குறுகிய நடை போதும். கடும் பயிற்சியை விரதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அளவு மீறாமை

1987 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் மரதன் ஓட்டத்துக்குப் பிந்திய வாரத்தில், ஓடியவர்களில் 12.9 சதவீதத்தினர் தடிமன் போன்ற தொற்றைச் சொன்னார்கள். பதிந்துவிட்டு ஓடாதவர்களில் அது 2.2 சதவீதமே. அதிலிருந்து, கடும் பயிற்சி நிர்ப்பீடனத்தைச் சில மணித்தியாலம் தளரவிட்டுக் கிருமிக்கு வழி திறந்துவிடும் என்ற கருத்துப் பரவியது. 2018 இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் அதை விரிவாக மறுத்தனர்: நோய் அவரவர் சொன்னதேயன்றிச் சோதித்து உறுதிசெய்யப்பட்டதன்று என்றும், பெருங்கூட்டம், பயணம், உறக்கக்கேடு ஆகியவையே தொற்றைத் தந்திருக்கலாம் என்றும் அவர்கள் வாதிட்டனர். விவாதம் இன்னும் முடியவில்லை. இரு பக்கத்தாரும் ஒத்துக்கொள்வது ஒன்றுண்டு: ஒழுங்கான மிதமான பயிற்சி தீங்கு செய்வதில்லை.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நாட்கணக்கில் நீளும் நடையோடு வெயிலும், குறைந்த உறக்கமும், பொது இடத்து உணவும் நீரும் சேர்கின்றன. மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே நடையை மெல்லக் கூட்டி, கொதித்தாறிய நீரையே குடித்து, உறக்கத்தைக் காத்துச் செல்பவர்கள் உடல் தளராமல் திரும்பலாம்.

எட்டாம் படி: நோயின்போது நிறுத்துதலும் மீளத் தொடங்குதலும்

மூக்கால் ஓடுவதும் தும்மலும் மட்டும் இருந்தால் மெல்ல நடக்கலாம். காய்ச்சல், உடல் நோவு, நெஞ்சுச் சளி, வயிற்றோட்டம் இருந்தால் ஓய்வே மருந்து. வியர்வை சிந்தினால் காய்ச்சல் இறங்கும் என்று எண்ணி வேலை செய்வது ஆபத்தானது: இதயத்தைத் தாக்கக்கூடிய வைரசு ஏற்றிய எலிகளை நீந்தவிட்டுப் பார்த்த 1970 ஆம் ஆண்டு ஆய்வில், ஓய்ந்திருந்தவற்றைவிட நீந்தியவற்றின் இதயத்தில் வைரசு பன்மடங்கு பெருகியிருந்தது.

டெங்கில் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சல் விட்டதும் நோய் மாறிவிட்டதாக நினைத்து எழுந்து நடமாடுகிறார்கள். குருதி நாளங்களிலிருந்து நீர் கசியும் அபாயக் கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, வெப்பம் குறைந்திருந்தாலும், வைத்தியர் சொன்னபடி குருதிப் பரிசோதனையைச் செய்துகொண்டு படுக்கையில் இருங்கள். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரொபன், டைக்குளோபினக் போன்ற நோவு மாத்திரைகளைத் தொட வேண்டாம். கடும் வயிற்று நோவு, ஓயாத வாந்தி, குருதிக்கசிவு, அளவு மீறிய சோர்வு இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். டெங்கின் பின்னரான களைப்புச் சில வாரங்கள் நீடிப்பது வழமை.

மீளத் தொடங்கும்போது, மருந்தின்றிக் காய்ச்சல் முற்றாக நின்று, பசி திரும்பி, வீட்டு வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிகிற நாளிலிருந்து கணக்கிடுங்கள். பத்து நிமிட மெல்லிய நடையை மூன்று நாள் செய்து, மறுநாளில் சோர்வு இல்லையென்றால் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம். நோய்க்குமுன் இருந்த அளவை ஒரே வாரத்தில் பிடிக்க முயல வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, படபடப்போ, மயக்கமோ வந்தால் அங்கேயே அமர்ந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கேளுங்கள். வீட்டுக்கு நடந்துபோய்ச் சேர்ந்த பிறகு பார்ப்போம் என்று எழுந்து விடாதீர்கள்.